வேலிக்கு இப்புறம்

சில ஆண்டுகளாக ஒரு பழக்கம் நம்மைப் பற்றிக்கொண்டிருக்கிறது. சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் தொலைவில், திருப்பெரும்புதூருக்கு அருகே, இருங்காட்டுக்கோட்டையில் ஒரு பந்தயத் தடம் உண்டு. அங்கே கார்ப் பந்தயமோ பைக் பந்தயமோ நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில், பழைய கேமரா ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு பார்வையாளர் பகுதியில் போய் நின்றுவிடுகிறோம். தமிழ் கற்பிப்பவருக்கு அங்கே என்ன வேலை என்று வீட்டிலும் கேட்கிறார்கள், துறையிலும் கேட்கிறார்கள். விடை சொல்ல முயன்றதில் விளைந்ததே இக்கட்டுரை. இலக்கியம் வாசிப்போரிடம் பந்தயக் காரைப் பற்றிப் பேசுவதைப் பொறுத்தருள்க. பேச்சு காரைப் பற்றியது மட்டும் அன்று.

கடந்த முறை சென்றபோது நம் மாணவர் ஒருவர் உடன் வந்தார். இரண்டாமாண்டு பயில்பவர், சேமித்த பணத்தில் நல்ல கேமரா வாங்கியிருக்கிறார். நாள் முழுதும் வெயிலில் நின்று படமெடுத்தார். மாலையில் பேருந்துக்குக் காத்திருந்த வேளையில் கேமராவின் பின்திரையைப் பார்த்தபடி விரலை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டோம். "340 படம் எடுத்தேன் ஐயா. 312 அழிச்சாச்சு" என்றார். ஏன் என்றோம். "எல்லாத்திலயும் கம்பி விழுந்திருக்கு ஐயா. இல்லேன்னா யாரோட தலையாவது குறுக்கே வந்திருக்கு. பாதிக்கு மேல வண்டியே கலங்கிப்போயிருக்கு" என்று சலித்துக்கொண்டார்.

எஞ்சிய 28 படங்களையும் பார்த்தோம். குறை சொல்ல இடமில்லை. கார் தெளிவாக இருந்தது; எண்ணும் விளம்பரப் பெயர்களும் படிக்கும்படி இருந்தன. ஆயினும் அவற்றைப் பார்க்கப் பார்க்க ஒரு வெறுமை தோன்றிற்று. அம்மாணவர் அன்று எங்கே நின்றார், யாரோடு நின்றார், எதன் ஊடாகப் பார்த்தார் என்பதற்கு அந்த 28 படங்களில் ஒரு சான்றுகூட இல்லை. நாம் அவர் அருகிலேயே இருந்தோம். அன்றைய நாள் அப்படங்களில் இல்லை. அது அழிக்கப்பட்ட 312 படங்களில் இருந்தது.

நம் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பார்வையாளர் பகுதியிலிருந்து பந்தயத்தைப் படமெடுப்பவர், தாம் அங்கே நிற்கவில்லை என்று காட்டவே பெரும்பாடு படுகிறார். அப்பாடு வீண். வேலியும் கூட்டமும் தொலைவும் அவருடைய படத்தின் குறைகள் அல்ல. அவருடைய படம் சொல்ல வேண்டிய செய்தியே அவைதாம்.

பத்திரிகைகளில் நாம் காணும் பந்தயப் படங்களை எடுப்போர் வேறு இடத்தில் நிற்பவர்கள். அவர்களுக்கு அனுமதிச் சீட்டு உண்டு. தனி மேலங்கி உண்டு. வேலிக்கு உட்புறம், தடுப்புச் சுவரை ஒட்டி, அவர்களுக்கென விடப்பட்ட இடங்களில் நின்று எடுக்கிறார்கள். யார் முந்தினார், எந்த வளைவில் முந்தினார், வண்டியில் எந்த நிறுவனத்தின் பெயர் இருந்தது என்பதைக் காட்டுவது அவர்கள் பணி. அப்பணியில் உள்ள திறமையையும் துணிவையும் நாம் மதிக்கிறோம். ஆனால் அவர்களுக்குத் தரப்பட்ட கண் ஒன்று, நமக்குத் தரப்பட்ட கண் ஒன்று. விலை குறைந்த லென்ஸோடு கம்பிவலைக்குப் பின்னால் நின்று அவர்களைப் போலவே எடுக்க முயன்றால், எடுத்த படம் என்றும் அவர்கள் படத்தின் மங்கிய நகலாகவே இருக்கும்.

பார்வையாளருக்குப் பந்தயம் என்பது என்ன? இருங்காட்டுக்கோட்டைத் தடத்தின் சுற்றளவு 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். ஒரு கார் நம் கண்முன் வந்து மறைந்தால், மீண்டும் வர வண்டிக்கேற்ப ஒன்றரை நிமிடமோ இரண்டு நிமிடமோ ஆகும். வந்தாலும் கண்ணில் படுவது சில நொடிகளே. எஞ்சிய நேரமெல்லாம் காத்திருத்தல். தொலைவில் ஒலி கேட்கிறது. தலைகள் எல்லாம் ஒருபுறம் திரும்புகின்றன. சிறுவர்கள் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். மகனைத் தோளில் ஏற்றிய தகப்பன் ஓரடி முன்னே வைக்கிறார். ஏதோ ஒன்று கடந்துபோகிறது. தலைகள் மறுபுறம் திரும்பி அமைகின்றன. பிறகு தண்ணீர்ப் புட்டி கைமாறுகிறது. யார் முன்னே போனது என்று வாக்குவாதம் எழுகிறது. இதுதான் வேலிக்கு இப்புறம் நிகழும் பந்தயம். இதை மேலங்கி அணிந்தவர் எடுக்க மாட்டார். அவர் முதுகு நம் பக்கம் இருக்கிறது.

கலங்கிய படங்களைப் பற்றியும் ஒரு சொல். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 55 மீட்டர் கடக்கிறது. கேமராவின் ஷட்டர் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால், அதற்குள் கார் ஐந்தரை சென்டிமீட்டர் நகரும். அறுபதில் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால் ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் நகரும். முதல் வகைப் படத்தில் சக்கரத்தின் ஆரங்கள் எண்ணும்படி நிற்கும். பார்ப்பவருக்கு அந்தக் கார் நடுச்சாலையில் நிறுத்தி வைத்தது போலத் தோன்றும். தெளிவு மிகமிக வேகம் செத்துவிடுகிறது. அவ்வாறு நின்ற காரை அன்று அங்கிருந்த எவரும் தம் கண்ணால் கண்டதில்லை.

இதை உணர்ந்தவர்கள் கேமராவைக் காரோடு சேர்த்துத் திருப்பியபடியே எடுப்பார்கள். பேனிங் என்பது அதன் பெயர். கால்களை அகற்றி ஊன்றி, முழங்கைகளை விலாவில் ஒடுக்கி, கார் தொலைவில் வரும்போதே அதைக் கண்ணாடிக்குள் பிடித்து, இடுப்பிலிருந்து உடலைச் சீராகத் திருப்ப வேண்டும். பொத்தானை அழுத்திய பிறகும் திருப்புவதை நிறுத்தக் கூடாது. கார் ஓரளவு தெளிவாகவும் பின்புலம் கோடுகளாகவும் விழும். பத்தில் ஒன்று தேறினால் பெரிது. அந்தக் கோடுகள் எவை என்று உற்றுப்பார்த்தால் எதிர்ப்புறத்து மரங்களும் மனிதர்களும் அவற்றுள் கரைந்திருப்பது தெரியும். பார்வையாளர் கூட்டத்தில் நின்று தலையைத் திருப்பிய எவருக்கும் உலகம் அந்நொடியில் அப்படித்தான் தெரிந்திருக்கும்.

இவ்விடத்தில் ஒரு பழம்படத்தை நினைவுகூர வேண்டும். ழாக் ஆன்றி லார்த்திக் என்ற பிரெஞ்சு இளைஞர், 1894-ல் பிறந்தவர், பிரான்ஸ் நாட்டின் கிராண்ட் ப்ரீ பந்தயத்தைச் சாலையோரம் நின்று படமெடுத்தார். 1912-ல் எடுத்தது என்று நெடுங்காலம் சொல்லப்பட்டுவந்த படம் அது. காரின் முன்பகுதி சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. பின்சக்கரம் வட்டமாக இல்லை. முன்னோக்கிச் சாய்ந்த நீள்வட்டமாக இருக்கிறது. எதிர்ப்புறம் நிற்கும் பார்வையாளர்களும் கம்பங்களும் எதிர்த்திசையில் சாய்ந்திருக்கிறார்கள். தவறிப்போன படம் என்று எடுத்தவரே அதைப் பல்லாண்டுகள் ஒதுக்கி வைத்திருந்ததாகச் சொல்வர். 1963-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருடைய படங்களைக் காட்சிக்கு வைத்தபோது அவருக்கு வயது 69. ஓவியராக வாழ்ந்த அவரை உலகம் ஒளிப்படக் கலைஞராக அறிந்தது அதன் பிறகே. இன்று வேகம் என்ற சொல்லுக்குப் படம் காட்டச் சொன்னால் பலர் எடுத்துக்காட்டுவது அந்தத் தவறிப்போன படத்தைத்தான்.

அந்தச் சாய்வுக்குக் காரணம் மாயம் ஒன்றும் இல்லை. அக்கேமராவின் ஷட்டர், திரையில் உள்ள ஒரு பிளவு போன்றது. அது செங்குத்தாக நகர்ந்து படத்தகட்டின் மேல் சிறிது சிறிதாக ஒளியை விடும். பிளவு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போவதற்குள் கார் நகர்ந்துவிடுகிறது. ஆகவே சக்கரத்தின் மேற்பாதியும் கீழ்ப்பாதியும் வெவ்வேறு கணங்களில் பதிகின்றன. இளைஞர் கேமராவைக் காரோடு திருப்பினார். காரின் வேகத்துக்குத் திருப்ப முடியவில்லை. அதனால் கார் ஒருபுறமும், அசையாது நின்ற மக்கள் மறுபுறமும் சாய்ந்தனர். முந்த முயன்று தோற்ற ஓர் உடலின் அசைவு அத்தகட்டில் பதிந்திருக்கிறது. வேலிக்கு இப்புறம் நின்றவர் ஒருவர் இருந்தார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இன்னொருவரையும் சொல்லலாம். போர்க்களப் படங்களால் அறியப்பட்ட ராபர்ட் காப்பா 1939-ல் பிரான்ஸ் நாட்டு மிதிவண்டிப் பந்தயத்தைப் படமெடுக்கச் சென்றார். பிரித்தானிப் பகுதியில் ஒரு மிதிவண்டிக் கடையின் முன் கூடியிருந்தவர்களை அவர் எடுத்த படங்கள் புகழ்பெற்றவை. ஒரு படத்தில் எல்லாரும் ஒருபுறம் பார்க்கிறார்கள். அடுத்ததில் மறுபுறம் பார்க்கிறார்கள். வீரர்கள் கண்ணிலேயே படவில்லை. ஆயினும் பந்தயம் வந்ததும் போனதும் நமக்குத் தெரிந்துவிடுகின்றன.

நம் இலக்கியத்துக்கு இது புதிதன்று. கலித்தொகையின் முல்லைப் பாடல்களில் வரும் ஏறுதழுவலை எண்ணிப்பாருங்கள். காளையோடு பொருதும் இளைஞன் தன் வீரத்தைத் தானே விரித்துரைப்பதில்லை. பெரும்பாலும் பார்த்து நிற்போர் சொல்லாகவே அது நம்மை வந்தடைகிறது. தோழி தலைவிக்குக் காட்டுகிறாள்: அந்தக் காளையைப் பார், அவனைப் பார் என்று. தலைவியின் அச்சமும் ஆசையும் அந்தக் காட்சியில் கலந்திருக்கின்றன. களத்தின் நடுவே நின்றவனுக்கு அவற்றைச் சொல்லும் வாய்ப்பு ஏது? கலிங்கத்துப்பரணியிலும் அப்படியே. செயங்கொண்டார் போரைக் கருணாகரத் தொண்டைமானின் வாயில் வைக்கவில்லை. களத்தைக் கண்டுவந்த ஒரு பேய் காளியிடம் சொல்வதாக வைத்தார். வென்றவன் சொல்லைவிடக் கண்டவர் சொல்லுக்கு அதிக இடம் தந்த மரபு நம்முடையது. அந்த மரபைப் பாடம் நடத்தும் நாமே, கேமராவைக் கையில் எடுத்ததும் கண்டவரை வெட்டியெறிந்துவிட்டு வென்றவனை மட்டும் வைத்துக்கொள்கிறோம்.

இனி வேலியைப் பற்றி. கம்பிவலை கேமராவுக்குத் தொல்லைதான். தானாகக் குவியம் பிடிக்கும் கருவிகள் காரை விட்டுவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்கின்றன. இதற்கு வழிகள் உண்டு. குவியத்தைக் கையால் சாலையில் ஓரிடத்துக்கு முன்னதாகவே வைத்துக்கொள்ளலாம். வலைக்கு மிக நெருங்கி, லென்ஸின் துளையை அகலத் திறந்து வைத்தால் கம்பி மெல்லிய மூட்டமாகக் கரைந்துவிடும். வெயில் நேராக விழும் கம்பி பளிச்சிடும், நிழலில் உள்ள கம்பி மறையும். ஆகவே நிழல் விழும் இடமாகப் பார்த்து நிற்கலாம். உயரமான படிகளுக்குப் போனால் வலைக்கு மேலாகவே பார்க்கலாம். இவையெல்லாம் அறிந்துகொள்ளத்தக்கவை, நாமும் செய்பவை. ஆனால் எல்லாப் படத்திலும் செய்யத்தக்கவை என்று நாம் கருதவில்லை.

ஏனெனில் அந்த வேலிக்கு ஒரு வரலாறு உண்டு. 1955 ஜூன் 11 அன்று பிரான்ஸில் லே மான் 24 மணிநேரப் பந்தயத்தில், பியேர் லெவே ஓட்டிய மெர்சிடிஸ் கார் மற்றொரு காரின் பின்புறத்தில் ஏறி, மேலெழும்பி, பார்வையாளர் பக்கம் பாய்ந்து சிதறியது. அவரும் பார்வையாளர்களுமாக 80-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கூட்டத்துக்கும் தடத்துக்கும் இடையே அன்று இருந்தது தாழ்ந்த மண்கரைதான். இன்று நம் படத்தைக் கெடுக்கிறது என்று நாம் சலித்துக்கொள்ளும் தடுப்புகள் இத்தகைய சாவுகளுக்குப் பின்னால் வந்தவை. வேலி பதிந்த படம் இந்தச் செய்தியையும் சேர்த்தே சொல்கிறது. நாம் பார்த்துக்கொண்டிருப்பது உயிருக்கு ஊறு நேரக்கூடிய ஒன்று என்பதை அது மறக்க விடுவதில்லை. நல்ல படம் வேண்டி வேலியில் ஏறும் இளைஞர்களையும், தடுப்பைத் தாண்டிக் கையை நீட்டுவோரையும் கண்டிருக்கிறோம். எந்தப் படத்துக்கும் அந்த விலை இல்லை.

இதன் தொடர்பாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருமுறை, ஒரு பைக் பந்தயத்தில், நம் எதிரே இருந்த வளைவில் ஓர் இளைஞர் விழுந்தார். வண்டி ஒருபுறமும் அவர் ஒருபுறமுமாகச் சரிந்து சரளையில் உருண்டார்கள். கூட்டம் எழுந்து நின்றது. நம் கண் கண்ணாடிக்குள் இருந்தது. விரல் பொத்தானில் இருந்தது. விழுந்தவர் அசைகிறாரா என்று பார்ப்பதற்கு முன்பே ஐந்தாறு படங்கள் எடுத்துவிட்டோம். எடுத்தது விரலா நாமா என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது. சற்று நேரத்தில் அவர் கையை உயர்த்திக் காட்டினார், கூட்டம் கைதட்டிற்று. தோளெலும்பு முறிந்ததாகப் பின்னர் அறிந்தோம். எல்லாருக்கும் அந்த நல்லூழ் வாய்ப்பதில்லை. 2023 ஆகஸ்டில் இருங்காட்டுக்கோட்டையில் 13 வயதுச் சிறுவர் ஒருவர் பந்தயத்தில் விழுந்து உயிரிழந்த செய்தியைப் படித்த இரவு, நமக்கு அந்த ஐந்தாறு படங்கள் நினைவுக்கு வந்தன.

அந்தப் படங்களை அழித்துவிட்டோம். ஒன்றை மட்டும் வைத்திருக்கிறோம். அதில் விழுந்தவர் இல்லை. கேமரா தாழ்ந்தபோது தவறுதலாக அழுத்தப்பட்ட படம் அது. நமக்கு முன்வரிசையில் நின்ற முதியவர் ஒருவர் இரண்டு கைகளையும் தலைமேல் வைத்திருக்கிறார். அவருக்கு அப்பால் கம்பிவலை. அதற்கப்பால் ஒன்றும் தெளிவில்லை. அன்று நடந்ததை அது முழுமையாகச் சொல்கிறது. யாருடைய வலியையும் எடுத்துக்கொள்ளாமல் சொல்கிறது. எதையும் அழிக்காதீர்கள் என்பதன்று நம் வாதம் என்பது இதனால் விளங்கும். எதை அழிக்கிறோம், எதற்காக அழிக்கிறோம் என்பதே கேள்வி.

தவறிய படமெல்லாம் கலையாகிவிடுமா என்று சிலர் கேட்கக்கூடும். ஆகாது. கவனமின்றி எடுத்தது கவனமின்றி எடுத்ததே. யாப்பு தெரியாமல் எழுதியதைப் புதுக்கவிதை என்று சொல்லிக்கொள்வதை நாம் வகுப்பில் கண்டிப்பதுண்டு. கம்பி பதிந்ததனாலேயே ஒரு படம் உயர்ந்ததாகிவிடாது. ஆனால் கம்பி பதிந்ததனாலேயே தாழ்ந்ததும் ஆகாது. கலையா அன்றா என்ற கேள்விக்கு முன்பு ஒரு கேள்வி இருக்கிறது: இது சான்றா? ஒரு நாளின், ஓர் இடத்தின், ஒரு கூட்டத்தின் சான்றா? இக்கேள்வி நமக்கு ஏன் இவ்வளவு பெரிதாகத் தோன்றுகிறது என்பதைச் சொல்லி முடிக்கிறோம்.

இருங்காட்டுக்கோட்டைத் தடம் 1990-ல் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு சென்னைக்குப் பந்தயம் என்றால் சோழவரம்தான். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமைந்த விமான ஓடுதளம் அது. 1953-ல் தொடங்கப்பெற்ற மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1950-களிலிருந்து ஏறத்தாழ 1980-களின் இறுதிவரை அங்கே பந்தயங்களை நடத்திற்று. வடசென்னையிலிருந்தும் சுற்றுவட்ட ஊர்களிலிருந்தும் மக்கள் திரண்டு போவார்கள். எண்பதுகளின் பிற்பகுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் தாய்மாமன் நம்மை அங்கே அழைத்துச் சென்றார். நமக்கு வயது பத்து. மாமாவிடம் ஆக்ஃபா க்ளிக் 3 கேமரா இருந்தது. ஒரு சுருளுக்கு 12 படங்கள். வேகத்தைக் கூட்டிக் குறைக்க வழியற்ற எளிய கருவி. பந்தயக் காரைப் பிடிக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. பன்னிரண்டையும் எடுத்தார்.

ஸ்டூடியோவிலிருந்து திரும்பி வந்தபோது மாமாவின் முகம் விழுந்திருந்தது. எதிலும் கார் விழவில்லை என்று ஸ்டூடியோக்காரர் சொல்லியிருக்கிறார். ஒன்றை மட்டும் கழுவித் தந்திருந்தார். மற்றவற்றின் நெகட்டிவை மாமா அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டார். "காசு தண்டம்டா" என்றார். அந்த ஒற்றைப் படத்தையும் ஒரு புத்தகத்துக்குள் செருகி வைத்துவிட்டார். அதன் பிறகு அவர் பந்தயத்துக்குப் போகவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் சோழவரத்தில் பந்தயமும் இல்லை.

மாமா மறைந்த பின் அவருடைய புத்தகங்களை ஒழுங்குசெய்தபோது அப்படம் நம் கைக்கு வந்தது. வலது ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு தீற்றல்; அதுதான் கார். மற்றெல்லாம் மக்கள். தலையில் துண்டு போட்டவர்கள், குடை பிடித்த ஓர் அம்மாள், மிதிவண்டியின் பின்னிருக்கையில் ஏறி நின்று எட்டிப்பார்க்கும் ஒருவர், வாயில் விரல் வைத்த குழந்தை. எல்லாரும் வலப்பக்கம் பார்க்கிறார்கள். ஒரு சிறுவன் மட்டும் கேமராவைப் பார்க்கிறான். அவன் நாம்தான். கார் போனபோது நாம் காரைப் பார்க்கவில்லை, மாமாவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதுவரை அது நமக்கே தெரியாது.

சோழவரத்துப் பந்தயங்களைப் பற்றிக் கிடைக்கும் படங்களைச் சில காலம் தேடிப் பார்த்தோம். நம் கண்ணில் பட்டவை பெரும்பாலும் கார்கள், ஓட்டுநர்கள், கோப்பைகள். அவை இருக்க வேண்டியவைதாம். ஆனால் அந்தக் குடை பிடித்த அம்மாளை, மிதிவண்டியில் ஏறி நின்றவரை எங்கே தேடுவது? அவர்களைப் போன்ற எத்தனையோ பேரின் முகங்கள் எத்தனையோ ஸ்டூடியோக்களில் கார் விழவில்லை என்ற காரணத்தால் குப்பைக்குப் போயிருக்கும். மாமாவின் பதினொரு நெகட்டிவும் அப்படித்தான் போயின. அவற்றில் என்ன இருந்தது என்பதை இனி எவரும் அறிய முடியாது. நம் மாணவர் பேருந்து நிறுத்தத்தில் 312 படங்களை அழித்துக்கொண்டிருந்தபோது நமக்குத் தோன்றிய பதைப்பு இதுதான்.

2024 ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 ஆகிய நாட்களில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிய சாலைகளில் மின்விளக்குகளின் ஒளியில் பந்தயம் நடத்தினார்கள். 2023 டிசம்பரில் நடக்க இருந்து, மிக்ஜாம் புயலால் தள்ளிப்போன பந்தயம் அது. 3.5 கிலோமீட்டர் சுற்று. நாளும் பேருந்தில் போகும் சாலையில், சிமெண்டுத் தடுப்புகளுக்கும் கம்பிவலைக்கும் அப்பால், பந்தயக் கார்கள் பறந்ததை இரண்டாம் நாள் இரவு நாமும் பார்த்தோம். சுற்றி எல்லாருடைய கையிலும் கைபேசி இருந்தது. படமெடுக்காதவர் அரிது. ஆயினும் அவர்களுள் பலர், கார் போனதும் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கி அழித்துக்கொண்டிருந்தார்கள். சோழவரத்தில் பன்னிரண்டே படங்கள் இருந்தன, இழந்தோம். இங்கே எண்ணிறந்த படங்கள் இருந்தன, அவற்றையும் இழந்துகொண்டிருந்தோம். பழகிய அண்ணா சாலை ஓரிரவு பந்தயத் தடமானபோது நம் ஊர் மக்கள் எப்படி நின்றார்கள், எதை வியந்தார்கள், எதை வெறுத்தார்கள் என்பதை முப்பது ஆண்டு கழித்து ஒருவர் தேடினால், அவருக்குக் கிடைப்பவையும் கார்களும் கோப்பைகளுமாகவே இருக்குமோ?

ஆகவே பந்தயம் காணச் செல்லும் அன்பர்களிடம் சில வேண்டுகோள்கள். காரைத் துரத்தி எடுங்கள். அதில் ஓர் இன்பம் உண்டு, நாமும் அதை விடவில்லை. ஆனால் பத்துச் சுற்றுக்கு ஒருமுறையாவது கேமராவை உங்கள் வரிசையின் பக்கம் திருப்புங்கள். கூட்டத்தில் ஒருவரின் முகம் தனித்துத் தெரியுமானால் ஒரு சொல் கேட்டுவிட்டு எடுங்கள். கம்பியோடு ஒரு படம் எடுங்கள். தலைகளோடு ஒரு படம் எடுங்கள். களத்தில் நின்றுகொண்டே எதையும் அழிக்காதீர்கள். ஏமாற்றத்தோடு பார்க்கும் கண் நல்ல நீதிபதி அன்று. வீட்டுக்குப் போய், ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். நாளும் இடமும் குறித்துவையுங்கள். விழுந்தவர் மேல் கேமராவைத் திருப்புவதற்கு முன், அங்கே கிடப்பவர் நம் வீட்டுப் பிள்ளையானால் என்று ஒரு கணம் எண்ணுங்கள்.

சோழவரத்துக்குப் போனவர்கள் இதை வாசிப்போருள் இருக்கக்கூடும். அவர்களுடைய பிள்ளைகளும் இருக்கக்கூடும். வீட்டுப் பரணில், பழைய ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில், கார் விழாத படம் ஏதேனும் இருந்தால் அதை மீண்டும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அதில் நிற்பவர் யார் என்று தெரிந்தவர்கள் இருக்கும்போதே பின்புறம் பெயரை எழுதிவையுங்கள்.

மாணவரிடம் மாமாவின் படத்தைக் காட்டினோம். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "கார் எங்க ஐயா?" என்று முதலில் கேட்டார். பிறகு, "இது நீங்களா?" என்றார். அடுத்த பந்தயத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். எத்தனை அழித்தார் என்று இம்முறை நாம் கேட்கப் போவதில்லை. எத்தனை வைத்திருக்கிறார் என்று கேட்போம்.